மாடு குடித்த தாழி

அண்ணாச்சி,

நீங்கள் கண்ணை மூடிய பதினாறாம் நாளன்று உங்கள் மகன் தலையில் உருமால் கட்ட நான் கொண்டுவந்த துண்டு, எங்கள் வீட்டில் மாடு துடைக்கிற துண்டு.

இதை வேறு யாரும் உங்களிடம் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்தவர்கள் வரிசையாக அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கடையநல்லூரில் தறிக்காரர் ஒருவரிடம் புதுத்துண்டு வாங்கி, ஓலைக்கொட்டானில் வைத்து ஆணியில் மாட்டியிருந்தேன். பக்கத்து ஆணியில் இன்னொரு கொட்டான், மாட்டுச் சாமான் போடுவது. இரண்டில் எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பேன் என்பதை, என்னை இத்தனை வருசம் அறிந்த உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

உறவுமுறைக்காரர்கள் எல்லாரும் கட்டி முடித்தபிறகு, கூடப்பிறக்காத தம்பி என்று என்னையும் கூப்பிட்டார்கள். நானும் பெரியமனிதன்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்துபோய், துண்டை எடுத்து ஓர் உதறு உதறினேன். உதறியிருக்கக் கூடாது. தவிடும் மாட்டுமயிரும் பந்தல் முழுக்கப் பறந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் விடாமல் தும்மினார்.

"வண்டிக்காரரே, உருமாக் கட்டப் போறீரா, லாடம் அடிக்கப் போறீரா?" என்று யாரோ கேட்டார்கள். துக்க வீடு என்பதையும் மறந்து பந்தல் சிரித்தது.

உங்கள் மகன்தான் காப்பாற்றினான். "இருக்கட்டும் சித்தப்பா, கட்டுங்க. அப்பாவுக்கு ஒங்க வீட்டு மாட்டு வாடை பழக்கந்தானே" என்று மொட்டைத்தலையைக் குனிந்து கொடுத்தான். கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. வெட்கத்தில் தடுமாறுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊறின பருத்திக்கொட்டையின் வாடை, அண்ணாச்சி. துவைத்தாலும் போகாது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பந்தலும் ஆட்களும் போய்விட்டார்கள். ஒரு பானை வந்து முன்னால் நின்றது.

நீங்கள் காவல் இருந்த பரம்பைப் பற்றி இப்போது ஊருக்குள் பேச்சே இல்லை. சிற்றாறு தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வளைகிற இடத்தில், நெல்வயல்களுக்கு நடுவே ஒட்டகத் திமில்போல எழும்பி நிற்கிற சரளைமேடு அது. எந்தக் காலத்திலோ அங்கே ஓர் ஊர் இருந்ததாம். மேற்குச் சரிவில் அவர்கள் அடுப்புச் சாம்பலும் ஓட்டாஞ்சில்லும் கிடக்கும். கிழக்கே, செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். மழை அரித்த பக்கங்களில் தாழிகளின் வாய் மட்டும் வட்டம் வட்டமாக வெளியே தெரியும். அது அத்தனைக்கும் சேர்த்து ஒரு முள்வேலி, ஒரு தகரப் பலகை, காக்கிச் சட்டையில் பித்தளை வில்லை குத்திய நீங்கள்.

பலகையில் எழுதியிருந்ததை முதலில் உங்களுக்கு வாசித்துக்காட்டியவன் நான். ஐந்தாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன் ஆகையால், ஐந்தாம் வகுப்பில் என்னைவிடத் தேர்ந்தவர் தென்காசியில் யாரும் இருக்க முடியாது. 'சர்க்கார் பாதுகாப்பில் உள்ள இடம். தோண்டக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது. மீறினால் தண்டனை.' நீங்கள் தலையை ஆட்டிக்கேட்டுவிட்டு, "ஏலே, இம்புட்டுத்தானா? நான் இதைவிட நெறைய வைவேனே" என்றீர்கள்.

நான் அப்போது ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்குச் சீசன் ஆட்களை ஏற்றிப்போகிற கூண்டுவண்டிக்காரன். சாரல் முடிந்தால் வண்டிக்கு வேலையில்லை. ஆற்றில் மாடு குளிப்பாட்டுவதும் உங்களிடம் வந்து வாய்வளர்ப்பதும்தான் வேலை. அப்படிக் குளிப்பாட்டிய ஒரு நாளில்தான், வெள்ளம் வடிந்த மணலில் அந்தப் பானை எனக்கு அகப்பட்டது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அகன்ற வாய். ஒரு கீறல் இல்லை. எந்தக் குயவன் வண்டியிலிருந்து உருண்டதோ, அவனுக்கு நஷ்டம் நமக்கு லாபம் என்று தூக்கிவந்து பருத்திக்கொட்டை ஊறவைக்க வைத்துக்கொண்டேன். என் வண்டி மயிலைக்காளைக்கு அந்தப் பானையை மிகவும் பிடித்துவிட்டது. ஒரு தடவை அவசரத்தில் கொம்பை இடித்து, விளிம்பில் பிறைபோல ஒரு சில்லைப் பெயர்த்தும்விட்டது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது மயிலை தலையை அந்தப் பானைக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"ஏலே, இது எங்கன கெடச்சுது?"

"ஆத்துல அண்ணாச்சி."

"இதுக்கு என்ன வயசு இருக்கும்னு தெரியுமா?"

"வயசு தெரியாது. நேத்துத்தான் கழுவுனேன்."

"சவத்து மூதி! ஒம் பாட்டன், பூட்டன், அவனுக்குப் பூட்டன் எல்லாருமே இந்தப் பானைக்குப் பேரப்பிள்ளைய. பரம்பு அரிச்சு ஆத்துல விழுந்த தாழி இது. சர்க்கார் சொத்து. நீ மாட்டுக்குக் கழனி ஊத்தி வச்சிருக்க!"

பலகையை வாசித்துக்காட்டிய வாயே தண்டனைக்கு முதல் ஆளாகப் போகிறதே என்று பதறினேன். நீங்கள் பானையைப் பிடுங்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, மாடு குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "எத்தனை காலமா சும்மாக் கெடந்த பானை. இப்பம் ஒரு சீவன் அதுல வாய் வைக்குது. குடிச்சிட்டுப் போவட்டும். நான் இன்னைக்கு இங்கன வரலை, கேட்டியா?"

அதற்குப் பிறகு நீங்கள் எத்தனையோ நாள் வந்தீர்கள். வரும்போதெல்லாம் பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் இன்னைக்கும் வரலை" என்பீர்கள். என் மனைவி செல்லம்மாள் உங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு, "வராத அண்ணாச்சிக்கு இன்னொரு தம்ளர் வேணுமா?" என்று கேட்பாள்.

எங்கள் கோமதி பிறந்ததும் அந்த நாட்களில்தான். அவள் தவழ ஆரம்பித்தவுடன் முதலில் போய் எட்டிப்பிடித்தது அந்தப் பானையின் விளிம்பைத்தான். பிடித்து எழுந்து நின்று, உள்ளே குனிந்து ஏதாவது சத்தம் கொடுப்பாள். பானை திருப்பிக் கொடுக்கும். அவளுக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு. இரண்டே பல். நீங்கள் வில்லையைக் கழற்றி அவள் கையில் கொடுப்பீர்கள். "பாருலே, ஒம் மவ என் உத்தியோகத்தையே கடிச்சுத் திங்கா" என்பீர்கள்.

அந்த வருசத்து ஆடியை நான் எழுதாமல் தாண்டிவிடத்தான் பார்க்கிறேன். முடியவில்லை.

சாரல் அல்ல, மழை. குற்றாலத்து அருவி காட்டு மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது. சிற்றாறு கரை தெரியாமல் ஓடியது. ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் மலைக்காய்ச்சலில் படுத்திருந்தார்கள். கோமதிக்கு வந்தது. வைத்தியர் கொடுத்த கஷாயத்தை அவள் முழுங்கவில்லை. கடைசியில் பாலையும் முழுங்கவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டுகிற ஒரு மத்தியானத்தில் செல்லம்மாள் மடியிலேயே போய்விட்டாள்.

எங்கள் வழக்கப்படி பல் விழாத பிள்ளைகளை எரிப்பதில்லை, ஆற்றோரம் புதைப்போம். ஆற்றோரம் எங்கே இருந்தது? புதைக்கிற திட்டுக்குமேல் ஆறு ஓடியது. அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளம் அங்கே ஒரு பிள்ளையின் குழியைத் தோண்டிவிட்டுப் போயிருந்தது. வண்ணான்துறைக் கல்லில் வந்து சிக்கியதை ஊரே பார்த்தது. செல்லம்மாளும் பார்த்தாள். அவள் அழவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஆத்துக்கிட்டக் குடுக்கமாட்டேன். நரிக்கிட்டயும் குடுக்கமாட்டேன்."

மேட்டில் புதைத்தால் நரி தோண்டும். தோண்டாமல் இருக்கவேண்டுமானால் உறுதியாக எதற்குள்ளாவது வைக்கவேண்டும். வீட்டில் சோறு பொங்குகிற பானை ஒன்று, தண்ணீர்க் குடம் ஒன்று, மாட்டுப்பானை ஒன்று. வாய் அகன்றது மாட்டுப்பானைதான். நான் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேங்காய்நார் போட்டுத் தேய்த்தேன். கை எரியும்வரை தேய்த்தேன். பருத்திக்கொட்டை வாடை போகவேயில்லை. செல்லம்மாள் தன் பழஞ்சேலையை உள்ளே மடித்து வைத்தாள். பிள்ளை கையில் கிடந்த கருகமணியை அவிழ்க்கவேண்டும் என்று யாரோ சொன்னதற்கு, அவள் பார்த்த பார்வையில் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பானையை வண்டியில் வைத்துக்கொண்டு நான் வந்து நின்றது உங்கள் வேலிக்கு முன்னால். நீங்கள் பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். பானையைப் பார்த்தீர்கள். மூடியிருந்த சேலையைப் பார்த்தீர்கள்.

"அண்ணாச்சி, ஒரு ஓரமா" என்றேன்.

"ஏலே, இங்கனயா? பலகைய நீதானலே படிச்ச?"

"படிச்சேன்."

"அதிகாரி வந்தா என் வேலை போயிரும்லே. மூணு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"பொறவு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "இது முச்சூடும் புதைச்ச எடந்தானே. யாரு பெத்த பிள்ளைகளையோ சர்க்கார் வேலிபோட்டுக் காக்குது. அதோட எம்பிள்ளை ஒண்ணு கெடந்துட்டுப் போவட்டுமே."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நீங்கள் குடையை என் தலைக்குமேல் பிடிக்கவில்லை, பானைக்குமேல் பிடித்தீர்கள். பிறகு வேலிப்படலை இழுத்துத் திறந்துவிட்டு, சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டீர்கள்.

நான் மண்வெட்டியை எடுத்தேன். "பெத்தவன் தோண்டக்கூடாதுலே" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். தோண்டக் கூடாது என்று காவல் காக்கிற மனிதர், தென்மூலையில் ஒரு பழைய தாழியின் பக்கத்தில், சரளையும் சேறுமாக வாரி வாரி வெளியே போட்டீர்கள். இடுப்பளவு குழி இறங்கியதும் உங்கள் மூச்சு இரைந்தது. தோண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நான் இன்னைக்கு இங்கன வரலை, கேட்டியா, நான் இன்னைக்கு வரலை" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

மூடியபின் ஒரு நொச்சிக்கம்பை அடையாளத்துக்கு நட்டீர்கள். அது துளிர்த்துவிட்டது.

அதற்குப் பின் எனக்கு மறுபடி சிரிப்பு வந்ததற்கு நீங்கள்தான் காரணம். என் வண்டியில் ஏறிய ஓர் அம்மாள் குற்றாலத்தில் குரங்கிடம் பழத்தோடு பல்செட்டையும் பறிகொடுத்த கதையை நான் உங்களிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். பத்துத் தரமும் முதல் தரம் கேட்பதுபோலச் சிரித்தீர்கள். பரம்பைச் சுற்றி வரும்போது தென்மூலையில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டு வருவீர்கள். "வெயில் வந்துட்டு, பிள்ளைக்கு நொச்சி நெழல் போதுமான்னு பாத்தேன்" என்பீர்கள், சாதாரணமாக, வீட்டில் தூங்குகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

சில வருசம் கழித்து, யுத்தத்துக்கு முந்தின ஒரு தை மாசத்தில் மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வந்து கூடாரம் அடித்தார்கள். பரம்பைத் தோண்டிப்பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். தோண்டக் கூடாது என்று பலகை வைத்தவர்களே தோண்டலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அது வரவில்லை.

நீங்கள் ராத்தூக்கம் இல்லாமல் அலைந்ததை உங்கள் வீட்டில் சொன்னார்கள். கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாக அவர்கள் அளந்தபோது, தென்மூலையில் பாம்புப் புற்று இருக்கிறது என்று சொன்னீர்களாம். கூலியாட்கள் பயந்துவிட்டார்கள். புற்று எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, ஆற்றங்கரையிலிருந்து மண்ணை அள்ளிவந்து நீங்களே ஒன்றைக் குவித்தும் வைத்தீர்களாம். அதிகாரி சிரித்துவிட்டு மேற்குச் சரிவில் ஆரம்பித்தாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. என்னிடம் நீங்கள் சொன்னது, "அந்தப் பக்கம் வரமாட்டாவ, நீ தூங்கு" என்பது மட்டும்.

பெட்டிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக என் வண்டியைத்தான் பேசினீர்கள். சீசன் இல்லாத காலத்தில் எனக்கு ஒரு வேலை ஆகட்டும் என்று நீங்கள் செய்த உதவி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இடையில் செங்கோட்டைக்கு ஒரு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பிவந்த காலையில், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பரம்பில் மண் சுமக்கிற ஒருத்தி கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தென்மூலையில, கடைசிக் குழியில சின்னத் தாழி ஒண்ணு. முழுசா, அப்படியே! உள்ள பச்சப்பிள்ளை எலும்பு, பூப்போல. கையெலும்புக்கிட்டக் கருகமணி. அந்த அதிகாரி தொப்பியைக் கழத்திட்டாரு. அந்தக் காலத்து மனுசனும் பிள்ளைய இப்படித்தான் அருமையா வச்சிருக்கான் பாருங்கன்னு கூட இருந்தவககிட்டச் சொல்லுதாரு."

"காவக்கார அண்ணாச்சி என்ன சொன்னாவ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"அவரு என்னத்தச் சொல்ல? வெயிலு தாங்கலையோ என்னவோ, அப்படியே உக்காந்துட்டாரு."

நீங்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? சொன்னால் உங்கள் வேலை போகும், எனக்கு விலங்கு விழும். அதைவிட, பழையதல்ல என்று தெரிந்தால் அவர்கள் அதை என்ன செய்வார்கள்? போலீஸ், விசாரணை, டாக்டர் என்று பிள்ளையை ஊர் ஊராகத் தூக்கிப் பார்ப்பார்கள். செல்லம்மாளைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். நீங்கள் வாயை மூடியது சரி என்று எனக்கு அந்த டீக்கடையிலேயே தெரிந்துவிட்டது. டீ ஆறிப்போனது மட்டும் தெரியவில்லை.

பரம்புக்கு வந்தேன். தென்மூலை மண் மூடி, சமப்படுத்திக் கிடந்தது. நடுவில் நொச்சி நின்றது. வேர் ஆட்டம் கண்டு இலை வாடியிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "பக்கத்துக் குழியோட நிறுத்திட்டாவ. நம்ம பிள்ளை பக்கம் ஒரு மம்பட்டி விழலை" என்றீர்கள்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

பெட்டிகளை ஏற்றினோம். பலகையை இடைவெளி விட்டு அடித்து, உள்ளே வைக்கோல் திணித்த பெட்டிகள். கூலியாட்கள் எறிவதுபோலத்தான் ஏற்றினார்கள். நீங்களும் "போடு, போடு" என்றுதான் விரட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு சின்னப் பெட்டி வந்தபோது மட்டும் "தொடாதிய" என்று அவர்களை விலக்கிவிட்டு நீங்களே தூக்கினீர்கள். வண்டியின் அடிப்பலகையில் உங்கள் தோள்துண்டை விரித்து, அதன்மேல் வைத்தீர்கள். பிறகு, வழக்கமாக என் பக்கத்தில் முன்னால் உட்காருகிறவர், பின்னால் ஏறி அந்தப் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டீர்கள்.

நான் கயிறு சரிபார்க்கிற சாக்கில் பின்பக்கம் வந்தேன். வைக்கோலுக்கு நடுவே பலகை இடுக்கில் சிவந்த விளிம்பு. அதில் பிறைபோல ஒரு சில்லு இல்லை.

மயிலையை அவிழ்த்துப் பூட்டினேன். அந்தச் சரளை ரோட்டில் எத்தனையோ வருசமாக ஓட்டியிருக்கிறேன். அதில் இத்தனை கல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் விலக்கி விலக்கி ஓட்டினேன். பள்ளம் வந்த இடத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கையால் பிடித்து இறக்கினேன். நடந்துபோகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"ஏலே, என்ன எழவுக்கு இப்படி ஊருத? ரயிலு போயிரும்."

"மயிலைக்குக் காலு நோவு அண்ணாச்சி."

"காலையில நல்லாத்தான நடந்துச்சு?"

"இப்பந்தான் நோவுது."

இன்னும் ஒரு கல்லை விலக்கினேன். பிறகு பின்னாலிருந்து உங்கள் குரல், "சரி. மெள்ளவே போ. இன்னைக்கு ரயிலு போனா நாளைக்கு ரயிலு இல்லாமலா போவுது."

கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா, "உள்ள என்ன?" என்று கேட்டார். "பழம்பானை" என்றீர்கள். அந்த ஒரு பெட்டியை நீங்களே இறக்கினீர்கள். துண்டை எடுத்து உதறவில்லை. தோளில் போடவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். ரயில் போகும்வரை இருவரும் நின்றோம். திரும்புகிற வழியில் குரங்கு பல்செட்டைப் பறித்த கதையை நான் ஆரம்பித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். கதை முடிவதற்கு முன்பே சிரித்துவிட்டீர்கள்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து செல்லம்மாளிடம் சொன்னீர்கள்: "தாயி, எல்லாரும் போயிட்டாவ. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை." அவள் அப்போதுதான் வருசக்கணக்கில் அடக்கியதை அழுது தீர்த்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். "சூடா இருக்கு" என்றீர்கள். அதில் ஆவியே இல்லை.

பிறகும் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் நாங்கள் பால் கொண்டுவந்தோம். நீங்கள் படலைத் திறந்துவிடுவீர்கள். செல்லம்மாள் நொச்சியடியில் பாலை ஊற்றி, மண்ணைத் தொட்டுத் தடவிக்கொடுப்பாள். அந்த வருசம் அவள், "மண்ணு என்ன அண்ணாச்சி இப்படி இளகிக் கெடக்கு?" என்று கேட்டாள். "பெருச்சாளி, தாயி. நான் வெரட்டிட்டேன்" என்றீர்கள். நானும் அவள் பின்னால் நின்று கும்பிட்டேன். வெற்று மண்ணைக் கும்பிடுகிறோம் என்று தெரிந்த ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவள் எழும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உங்களுக்கு, தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று நினைப்பு.

சீசனுக்கு மெட்ராஸிலிருந்து வருகிறவர்களை ஏற்றும்போது இப்போதும் கேட்கிறேன். போன வருசம் ஒரு வக்கீல், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பானைகள் இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறேன் என்றார். "சின்னதா, விளிம்புல கொஞ்சம் ஒடஞ்சது ஒண்ணு பாத்தியளா?" என்றேன். "எல்லாமே ஒடஞ்சதுதானப்பா அங்க" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு மாட்டைத் தட்டினேன்.

நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேட்டு வந்தபோது, யுத்தம் முடிந்தும் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலமாக இருந்தது. உங்கள் கால் இரண்டும் வீங்கித் தூண்போல இருந்தன. உங்கள் மகன் மருந்துக்குப் போயிருந்தான். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பிடித்துவிட்டேன். விரல் அழுத்தின இடம் குழிந்து, மேலே வராமல் அப்படியே நின்றது.

"ஏலே, நொச்சி பட்டுப்போச்சு. வேற கம்பு நட்டுரு."

"நட்டுருதேன் அண்ணாச்சி."

"தாயி கேட்டா, பிள்ளை அங்கனதான் இருக்குன்னு சொல்லு."

"சொல்லுதேன்."

கூரையைப் பார்த்துக்கொண்டே, "நான் நல்லாத்தானலே காவல் காத்தேன்?" என்று கேட்டீர்கள். உங்கள் கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது.

"ஒங்களை மாதிரி யாரு காப்பா?" என்றேன்.

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. நான் குனிந்து மறுபடி காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.

வேறு நொச்சி நட்டுவிட்டேன், அண்ணாச்சி. புதுக் காவல்காரன் படலைத் திறக்க முறைத்தான். மாட்டுக்குத் தழை ஒடிக்க வந்தேன் என்று பொய் சொன்னேன், நீங்கள் பழக்கிவிட்ட பொய்தான். கடையநல்லூர்த் துண்டை மறுநாள் உங்கள் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மாட்டுத்துண்டைக் கேட்டேன். "அதைத் தரமாட்டேன் சித்தப்பா, அதுதான் எங்க அப்பாவுக்குக் கட்டுன உருமா" என்றான். அவன் வீட்டுக் கொடியில் அது தொங்குகிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் வாடை வருகிறது.

அன்றைக்கு உங்கள் கால்மாட்டில் இருந்தபோது எனக்கும் தெரியும் என்கிற சொல் என் நாக்குநுனிவரை வந்தது. சொல்லியிருந்தால், இத்தனை வருசமும் நீங்கள் தனியாகச் சுமக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னை ஏமாற்ற முடியவில்லை என்பதும் தெரிந்திருக்கும். இரண்டில் எது உங்களை நிம்மதியாகச் சாகவிடும், எது விடாது என்று எனக்குப் புரியவில்லை. அதனால் சொல்லவில்லை.

அன்று வண்டியில் என் பிள்ளைக்கு நீங்கள் துண்டு விரித்ததை நான் பார்த்தேன், அண்ணாச்சி.